பளபளப்பு அப்புறம், மொதல்ல அந்த அழுக்கைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வண்டிகளுக்கான பக்கத்துல, பழைய காரோட என்ஜின் ரூமை அரை மணி நேரத்துல புதுசு மாதிரி ஆக்குறது எப்படின்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. மண்ணெண்ணெய் அடிச்சு ஊற விடுங்க, ப்ரெஷர் தண்ணில கழுவுங்க, காஞ்சதும் டயர் பாலீஷை எல்லாத்து மேலயும் ஸ்ப்ரே பண்ணுங்க, அவ்வளவுதான்னு போட்டிருந்தீங்க. படிச்சதுலேருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். அதுல சொன்ன மூணுமே தப்புங்க, ஒண்ணு தீ வைக்கும், ஒண்ணு வண்டியை ஸ்டார்ட் ஆகாம பண்ணும், மூணாவது எல்லாத்தையும் விட மோசம், ஏன்னா அது வண்டில இருக்கிற கோளாறை மறைச்சிடும்.

மூணாவதுல நானே மாட்டியிருக்கேன். எட்டு வருஷம் முன்னாடி ஒரு பழைய கார்பரேட்டர் வண்டியை செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். பானட்டைத் தூக்கினா உள்ள கருகருன்னு மின்னுச்சு, ஹோஸ் எல்லாம் நேத்து மாட்டின மாதிரி, ஒரு சொட்டு ஆயில் கூட எங்கயும் இல்ல. இவ்வளவு நல்லா வச்சிருக்காரே மனுஷன்னு நம்பி வாங்கிட்டேன். மூணாவது வாரம் ரோட்டுல போயிட்டு இருக்கும்போது மேல் ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சு ஆவி கெளம்பிடுச்சு, ஓரங்கட்டி நிறுத்துறதுக்குள்ள ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கசியாம இருக்க வைக்கிற தகடு) போயிடுச்சு. கழட்டின ஹோஸைத் துடைச்சுப் பார்த்தா கிளிப் பக்கத்துல சுத்தி வெடிப்பு வெடிப்பா இருக்கு, அந்த வெடிப்புக்குள்ள எல்லாம் டயருக்குப் போடுற சிலிக்கான் பாலீஷ் எறங்கி நிரம்பியிருக்கு. அதனாலதான் கண்ணுக்கே தெரியல. எங்க மாமா வாழ்நாள் முழுக்க ஒர்க்‌ஷாப்ல இருந்தவர், அவர்தான் அந்த ஹோஸைக் கையில வச்சு அமுக்கிக் காட்டிட்டு சொன்னார், "மாப்ள, அழுக்கா இருக்கிற வண்டியப் பார்த்து பயப்படாத, நேத்து கழுவின வண்டியப் பார்த்து பயப்படு". அதுக்கப்புறம் என்ஜின் சுத்தம் பண்றதுக்கு அவர்தான் எனக்கு வாத்தியார்.

அவர் சொல்லிக்குடுத்த மொத விஷயமே, கழுவுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சும்மா டார்ச் அடிச்சுப் பாக்கணும்கிறதுதான். போட்டோவும் எடுத்து வச்சுக்கணும். ஏன்னா அழுக்கு ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், எது எங்க கசியுதுன்னு அதுல எழுதியே இருக்கும், கழுவிட்டா எல்லாம் போச்சு. ஈரமா பளபளன்னு இருக்கிற ஆயில் இப்ப கசியிறது. மண்ணோட சேர்ந்து கேக் மாதிரி காஞ்சு கெடக்குறது பழசு, ஒருவேளை முன்னாடியே யாராவது அந்த லீக்கை சரி பண்ணிட்டு துடைக்காம விட்டிருக்கலாம். ஆயில் சொட்டுற எடத்தை வச்சு முடிவு பண்ணக்கூடாது, ஆயில் கீழ எறங்கும், வண்டி ஓடும்போது காத்துல பின்னாடி தள்ளப்படும், அதனால ஈரம் இருக்கிறதுலயே ரொம்ப மேல, ரொம்ப முன்னாடி எங்க இருக்குன்னு தேடணும். முக்கால்வாசி பழைய வண்டில அது வால்வ் கவர் (என்ஜினோட மேல் மூடி) கேஸ்கெட்டாத்தான் இருக்கும், அங்கேருந்து வழிஞ்சு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜின் புகை வெளிய போற குழாய்) மேல விழுந்தா ஓட்டும்போது கருகின வாடை வரும்.

வாட்டர் பம்ப்புக்கு அடியில பச்சையாவோ வெள்ளையாவோ உப்பு பூத்த மாதிரி இருந்தா, பம்ப்போட உள் சீல் தேய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். அந்த பம்ப்புக்கு அடியில ஒரு குட்டி ஓட்டை வச்சிருப்பாங்க, சீல் கசிஞ்சா பேரிங்குக்குள்ள போகாம வெளிய வரட்டும்னே வச்ச ஓட்டை அது, அழுக்குன்னு நெனச்சு அதை அடைச்சிடாதீங்க. ஃபேன் பெல்ட் பக்கத்துல கருப்பு ரப்பர் தூள் அப்பியிருந்தா புல்லி (பெல்ட் ஓடுற சக்கரம்) நேர்கோட்டுல இல்ல, இல்லன்னா பெல்ட்டுக்கு வயசாயிடுச்சு. கார்பரேட்டருக்குக் கீழ காவி கலர்ல கறை இருந்தா பெட்ரோல் கசிஞ்சு கசிஞ்சு ஆவியாகி அது விட்டுட்டுப் போன பிசின்தான் அது, அதை சரி பண்ணாம வேற எந்த வேலையும் தொடாதீங்க.

எல்லாத்தையும் விட முக்கியம் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுற பாகம். அதுக்குக் கீழ பாடில பெயின்ட் கொப்பளிச்சு உரிஞ்சிருந்தா பிரேக் ஆயில் கசியுது. பிரேக் ஆயில்ல டாட் 3, டாட் 4னு வர்ற ரெண்டுமே கிளைக்கால்ங்கிற ரசாயன வகை, பெயின்ட்டைத் தின்னுடும். இந்த எடத்துல சும்மா தேச்சுட்டு புது பெயின்ட் அடிச்சு அழகு பண்ணி வித்தா, வாங்குறவன் பிரேக்ல ஒரு நாள் பெடல் கீழ போகும். இதை ஒரு அழகு வேலையா மட்டும் பேசுறப்ப எனக்கு ஏன் கோவம் வருதுன்னு இப்ப புரியும்னு நெனக்கிறேன். மேனிஃபோல்டு ஜாயின்ட்ல கரி படிஞ்சிருந்தாலும் அப்படித்தான், புகை அங்க வெளிய வருது, அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு, அது ஹீட்டர் வழியா உள்ள உக்காந்திருக்கிறவங்க கிட்ட வரும், வாடையே இருக்காது.

இப்ப மண்ணெண்ணெய் விஷயத்துக்கு வரேன். ஓடி நின்ன என்ஜின்ல தண்ணி சுமார் 90 டிகிரி இருக்கும். மண்ணெண்ணெய்ல 38 டிகிரி தாண்டினாலே பொறி பட்டா பத்துற அளவுக்கு ஆவி கெளம்ப ஆரம்பிச்சிடும். 210 டிகிரி பக்கம் போனா பொறி கூட வேணாம், தானாவே பத்திக்கும், மேனிஃபோல்டு அதை விட எவ்வளவோ அதிகமா சூடாகும். பெட்ரோல்ல கழுவுறவங்களையும் பார்த்திருக்கேன், அது மைனஸ் 40 டிகிரிலயே ஆவி விடும், பேட்டரி டெர்மினல்ல ஸ்பேனர் ஒரு தடவை உரசினா போதும். சரி ஆறின வண்டிலதான அடிக்கிறோம்னு சொல்வாங்க, ஆனா மண்ணெண்ணெய் ரப்பர்லயும் வயர் மேல இருக்கிற துணி டேப்லயும் ஊறி நிக்கும், ரேடியேட்டர் ஹோஸ் நெறைய ஈபிடிஎம்ங்கிற ரப்பர்ல செய்யிறது, அதுக்கும் எண்ணெய்க்கும் ஆகவே ஆகாது, உப்பி மெத்து மெத்துன்னு ஆயிடும். கடைல கெடைக்கிற தண்ணி கலந்த டிகிரீஸர் போதுங்க. அதுலயும் காஸ்டிக் சோடா இருக்கிற அடுப்பு கிளீனர் மாதிரியானது வேண்டாம், அலுமினியத்தை அரிச்சு கருப்படிச்சிடும், பழைய வண்டில கார்பரேட்டர், இன்டேக், வால்வ் கவர்னு பாதி அலுமினியம்தான், ஒரு தடவை கருத்துட்டா மறுபடி தேச்சுத்தான் எடுக்கணும்.

தண்ணி. பழைய வண்டில டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு ப்ளக்குக்கும் கரன்ட்டைப் பிரிச்சு அனுப்புறது) கேப்புக்குள்ள 20,000 வோல்ட் பக்கம் ஓடுது, உள்ள பனி மாதிரி லேசா ஈரம் படிஞ்சாலே அந்த கரன்ட் ப்ளக்குக்குப் போகாம ஓரமா எர்த்துக்கு ஓடிடும், என்ஜின் சுத்தும் ஆனா ஸ்டார்ட் ஆகாது. அந்த மாதிரி நாலஞ்சு தடவை அடிச்சுப் பார்த்தா கேப்புக்குள்ள முடி மாதிரி கரிக்கோடு விழுந்துடும், அப்புறம் காஞ்சாலும் மிஸ்ஃபயர் இருக்கும், கேப்பையே மாத்தணும். இன்ஜெக்‌ஷன் வந்த பிறகான வண்டிங்க இன்னும் நாசூக்கு, ப்ரெஷர்ல அடிச்ச தண்ணி கனெக்டர் ரப்பரைத் தாண்டி உள்ள போய் உக்காந்துக்கும், அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு மாசம் கழிச்சு பின் எல்லாம் பச்சை பூத்து வண்டி நின்னு நின்னு போகும், யாரும் அன்னிக்கு கழுவினதோட அதை சேர்த்துப் பாக்க மாட்டாங்க.

நான் பண்றது இப்படி. வண்டி கை வச்சா தாங்குற சூட்டுல இருக்கணும், கொதிக்கிற மேனிஃபோல்டு மேல பச்சைத் தண்ணி பட்டா வார்ப்பிரும்பு விரிசல் விடும். பேட்டரில மைனஸை மொதல்ல கழட்டுவேன், மாட்டும்போது அது கடைசி, ஏன்னா ப்ளஸ் கழட்டும்போது ஸ்பேனர் பாடில பட்டாலும் அப்ப ஷார்ட் ஆகாது. டிஸ்ட்ரிபியூட்டர், காயில், ஆல்டர்னேட்டர், கார்பரேட்டர் வாய், ஃப்யூஸ் பாக்ஸ் எல்லாத்துக்கும் பாலித்தீன் கவர் போட்டு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவேன், எத்தனை கவர் போட்டேன்னு எண்ணி எழுதி வச்சுக்குவேன், ஒண்ணை மறந்து ஸ்டார்ட் பண்ணினா ஃபேன் இழுத்துக்கும். டிகிரீஸரைக் கீழேருந்து மேல அடிக்கணும், கழுவும்போது மேலேருந்து கீழ. கொஞ்சம் கொஞ்சமாத்தான், ஒரு கை அகலம் அடிச்சு பெயின்ட் பிரஷ்ஷால தேச்சு, சந்துக்கெல்லாம் பழைய டூத் பிரஷ், அது காயிறதுக்குள்ள கைஸ்ப்ரேயர்ல மெதுவா கழுவி துணில ஒத்தி எடுத்துட்டுத்தான் அடுத்த எடம். ஒரு நாள் முழுக்க ஆகும். அரை மணி நேரத்துல இது நடக்காதுங்க. ப்ளக் பள்ளத்துல தண்ணி நின்னா காத்தடிச்சு வெளிய தள்ளிட்டுத்தான் ப்ளக் கழட்டணும், இல்லன்னா தண்ணியும் மண்ணும் நேரா சிலிண்டருக்குள்ள. ப்ளக் வயரைக் கழட்டுறதுக்கு முன்னாடி நம்பர் போட்ட டேப் ஒட்டிடுங்க, நாலு சிலிண்டர் வண்டி பெரும்பாலும் 1-3-4-2ங்கிற வரிசைலதான் ப்ளக் பத்தும், ஆனா வயரை மாத்தி மாட்டிட்டு ஏன் வெடிக்குதுன்னு ராத்திரி பத்து மணிக்கு தேடுறது பெரிய கஷ்டம்.

பேட்டரி மேல பூத்திருக்கிற வெள்ளைப் பொடிக்கு சமையல் சோடாவைத் தண்ணில கரைச்சு ஊத்தினா நுரைச்சு அடங்கிடும், ஆசிட்டை அது முறிச்சிடும், ஆனா செல் மூடி எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பார்த்துட்டு ஊத்துங்க, சோடா உள்ள போனா பேட்டரியே கெட்டுடும். துடைச்சு மாட்டினப்புறம் டெர்மினல் மேல கொஞ்சம் வாஸலின். பேட்டரியைத் தூக்கிட்டு அடியில இருக்கிற தட்டையும் பாருங்க, துரு ஆரம்பிக்கிற எடமே பல வண்டில அதுதான்.

இன்னொண்ணு, இதை எங்கயுமே எழுத மாட்டேங்குறாங்க. ரொம்பப் பழைய வண்டில கிளட்ச், பிரேக், எக்ஸாஸ்ட் கேஸ்கெட் இதுல எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், பழைய பெயின்ட்ல ஈயம் இருந்திருக்கலாம். காஞ்ச தூளைக் காத்தடிச்சுப் பறக்க விடாதீங்க, கம்பி பிரஷ் போட்டு வறவறன்னு தேய்க்காதீங்க, நனைச்சு எடுங்க, நல்ல மாஸ்க் போடுங்க. எலி கூடு இருந்தாலும் அப்படித்தான். பக்கத்துல பசங்க நிக்க வேணாம்.

கழுவி முடிச்சு காஞ்சு, ஒரு 50 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து மறுபடி டார்ச் அடிச்சுப் பாருங்க. இப்ப புதுசா ஈரம் எங்க தெரியுதோ அங்கதான் லீக். சந்தேகமா இருக்கிற எடத்துல முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவிட்டு ஓட்டினா ஆயில் வந்த வழி கோடு போட்டுக் காட்டும். கேஸ்கெட், சீல், ஹோஸ் எல்லாத்தையும் இந்த நேரத்துல மாத்திடணும். அலங்காரம்கிற பேச்சே அதுக்கப்புறம்தான்.

அலங்காரத்துக்கு நான் எதிரி இல்லங்க, அதையும் சொல்லணும். பானட்டைத் தூக்கினதும் ஒரு நல்ல என்ஜின் கண்ணுல படுறது தனி சந்தோஷம். ஒரு காலத்துல கம்பெனிங்க என்ஜினுக்கே ஒரு கலர் வச்சிருந்தாங்க, செவ்ரோலெட்னா ஆரஞ்சு, ஃபோர்டு 1966லேருந்து நீலம், தூரத்துல நின்னு பார்த்தாலே எதோட என்ஜின்னு சொல்லலாம். உங்க வண்டி என்ஜினுக்கு என்ன கலர்னு தெரியணும்னா எங்கயாவது பிராக்கெட்டுக்கு அடியில, வெயிலும் சூடும் படாத மூலைல பழைய பெயின்ட் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், கழுவும்போது பாருங்க, அதை வச்சே கலர் கலக்கலாம். என்னோட ஆசை என்னன்னா கம்பெனிலேருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படிக் கொண்டு வரணும், குரோம் மூடியும் செவப்பு வயரும் எனக்கு ஒட்டல, ஆனா அது அவங்கவங்க விருப்பம்.

பெயின்ட்ல சாதா ஸ்ப்ரே கேன் அடிக்காதீங்க. என்ஜின் எனாமல்னு தனியா இருக்கு, சுமார் 260 டிகிரி வரை தாங்கும், பிளாக்குக்கும் வால்வ் கவருக்கும் அது சரி. மேனிஃபோல்டுக்கு அது பத்தாது, 650 டிகிரி தாங்குற பெயின்ட் இருக்கு, அதையும் அடிச்சுட்டு அப்படியே விட்டா உரிஞ்சிடும், டப்பால போட்டிருக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏத்தி ஆற வச்சு மறுபடி ஏத்தித்தான் அது இறுகும். துரு மேல நேரா பெயின்ட் அடிச்சா அடியில துரு நடந்துட்டேதான் இருக்கும், வெறும் இரும்பு தெரியிற வரை தேச்சு ப்ரைமர் அடிங்க. சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர், தகடு, பெல்ட் சுத்துற படம் போட்ட ஸ்டிக்கர் இதையெல்லாம் டேப் ஒட்டி மறைச்சுக்குங்க. ஸ்டிக்கர் போனா திரும்ப வராது.

எர்த் வயர் உக்காருற எடத்துல மட்டும் பெயின்ட் கூடவே கூடாது. நல்லா அழகா பெயின்ட் அடிச்சு முடிச்ச வண்டி ஏன் முக்கி முக்கி ஸ்டார்ட் ஆகுது, லைட் ஏன் மங்குதுன்னு பார்த்தா பாதி நேரம் இதுதான். என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற பட்டை எர்த் சரியா ஒட்டலன்னா ஸ்டார்ட்டர் இழுக்கிற கரன்ட் திரும்பிப் போறதுக்கு வேற வழி தேடும், சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா ஓடி அதை சூடாக்கி எரிச்சிடும். அந்த வட்டத்தை வெறும் இரும்பா தேச்சு, டைட் பண்ணிட்டு, மேல கிரீஸ் தடவுங்க.

போல்ட்டும் அப்படித்தான். ஸ்டெயின்லெஸ் போல்ட் பளிச்சுன்னு இருக்குன்னு எல்லா எடத்துலயும் மாத்துறாங்க. தலைல 8.8ன்னு எழுதியிருக்கிற போல்ட் 800 மெகாபாஸ்கல் தாங்கும், 10.9 ஆயிரம் தாங்கும், கடைல சாதாரணமா கெடைக்கிற ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 700தான். வாஷர் டேங்க், ஏர் ஃபில்டர் பெட்டிக்கெல்லாம் போடுங்க, என்ஜின் மவுண்ட்ல, ஸ்டீயரிங்ல, பிரேக்ல போடாதீங்க. அலுமினியத்துக்குள்ள ஸ்டெயின்லெஸ் போட்டா ஈரத்துல அலுமினியம் அரிச்சு போல்ட் இறுகிக்கும், மரைல ஆன்டி சீஸ்ங்கிற, போல்ட் இறுகிக்காம இருக்கிறதுக்கான பசையைத் தடவிப் போடணும்.

ஹோஸ் மேல மாட்டுற அந்த ஸ்டீல் வலை மாதிரி கவர் இருக்கு பாருங்க, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பெட்ரோல் ஹோஸ் மேல அதை மாட்டினா வெடிப்பு விட்டாலும் தெரியாது. ஹோஸ்ங்கிறது மாசம் ஒரு தடவை கைல அமுக்கிப் பாக்க வேண்டிய பொருள், அதை மூடி வச்சா எப்படி. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கடைசில மினுமினுப்பு வேணும்னா தண்ணி கலந்த டிரெஸ்ஸிங்கைத் துணில எடுத்து லேசா தடவித் துடைச்சிடுங்க. சிலிக்கான் ஸ்ப்ரே வேண்டாம், ஃபேன் பெல்ட்ல பட்டா வழுக்கிக் கத்தும், ஈரப்பசை மாதிரி இருந்து தூசியை இழுத்துக்கும், ஒரு வாரத்துல முன்னாடி இருந்ததை விட அசிங்கமாயிடும்.

கழுவின தண்ணி எங்க போகுதுன்னும் உங்க கட்டுரைல ஒரு வார்த்தை இல்ல. அதுல ஆயில், கிரீஸ், கூலன்ட் எல்லாம் இருக்கு. கூலன்ட்ல எத்திலீன் கிளைக்கால் இருக்கும், இனிப்பா இருக்கிறதால நாய் பூனை நக்கிடும், கொஞ்சம் போனாலே கிட்னி போய் செத்துடும். கெட்டியான கிரீஸை மொதல்லயே கரண்டி மாதிரி ஒண்ணை வச்சு வழிச்சு பேப்பர்ல எடுத்துட்டா தண்ணிக்கு வேலையே கம்மி. கீழ தட்டு வச்சு, மண்ணு இல்லன்னா மரத்தூள் போட்டு உறிஞ்ச வச்சு, இந்த மாதிரி கழிவை வாங்குற எடத்துல குடுங்க. சாக்கடைல விடாதீங்க.

உங்க பேப்பரை நெறைய பேர் படிக்கிறாங்க, இந்த வாரமே ஏதோ ஒரு வீட்டு வாசல்ல யாரோ ஒருத்தர் அந்தக் கட்டுரையைக் கைல வச்சுக்கிட்டு சூடான என்ஜின் மேல மண்ணெண்ணெய் அடிக்கப் போறாங்களோன்னு எனக்கு பயமா இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல, மண்ணெண்ணெயும் ப்ரெஷர் தண்ணியும் வேண்டாம்னு ஒரு திருத்தம் போடுங்க. அதோட, பழைய வண்டி வாங்கப் போறவங்க பானட்டுக்குள்ள எதை எதைத் தொட்டுப் பாக்கணும்னு ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்குற ஒருத்தரைக் கேட்டு எழுதுங்க. இடம் குடுத்தீங்கன்னா நான் கழுவுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ எல்லாம் அனுப்பி வைக்கிறேன், எந்த அழுக்கு எந்த லீக்குன்னு ஒவ்வொண்ணுலயும் குறிச்சு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
பழைய கார் ஒண்ணை இன்னமும் ஓட்டிக்கிட்டு இருக்கிற உங்க வாசகன்